பெருவின் அலைகள்: எங்கே, எப்போது, எந்த உடையில்?

பெரு நாட்டுக் கடற்கரையில் மூன்று முறை போய்த் தங்கி அலைச்சறுக்கு செய்திருக்கிறேன் என்று சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். தென்னந்தோப்பும் வெள்ளை மணலும் மனத்தில் இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். அந்தக் கரையில் பெரும்பகுதி பாலைவனம்.

கோவளம் மாணவன்: ஆறு மாதம் கோவளத்தில் கற்றுக்கொண்டேன். இங்கே போடும் ஷார்ட்ஸும் டி-ஷர்ட்டும் அங்கே போதாதா? நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்தானே?

போதவே போதாது. கோட்டுக்கு வடக்கே சென்னை எவ்வளவு தூரமோ, தெற்கே லிமாவும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். ஆனால் தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டமும், அடியாழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த நீரும் சேர்ந்து கடலை வேறாக்கிவிடுகின்றன. அவர்களுடைய குளிர்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை லிமாவில் தண்ணீர் 15-17 டிகிரிதான். வெயிலும் வராது, வானம் மாதக்கணக்கில் சாம்பல் பூசியே கிடக்கும்.

முதல் முறை நான் இரவல் வாங்கிய மெல்லிய வெட்சூட்டில் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) இறங்கினேன். அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கரையேறிக் கணுக்காலில் இருந்த லீஷின் (போர்டைக் காலோடு கட்டும் கயிறு) ஒட்டுப்பட்டையைப் பிரிக்கப் போனால் விரல் வளையவில்லை. பக்கத்தில் இருந்த பையன் குனிந்து பிரித்துவிட்டான். முழுக்கை, முழுக்கால் மூடும் 3/2 மில்லிமீட்டர் சூட் கட்டாயம், அதாவது உடம்பில் 3, கை கால்களில் 2 மில்லிமீட்டர் தடிமன். குளிர்காலம் என்றால் 4/3.

இடதுகால்: வீடியோக்களில் எல்லா அலையும் இடப்பக்கமே ஓடுகிறதே, ஏன்?

நல்ல கேள்வி. கரை மேற்குப் பார்த்தது, பெரிய அலைகள் வருவதோ தென்மேற்கிலிருந்து. நிலமூக்கு ஒன்றில் மோதும் அலை அதைச் சுற்றி வளைந்து, வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். போர்டில் நிற்கும் நீங்கள் கரையை, அதாவது கிழக்கைப் பார்க்கிறீர்கள். வடக்கு உங்கள் இடப்பக்கம். விஷயம் அவ்வளவுதான். வலது காலை முன்னே வைக்கும் கூஃபிகளுக்குக் கொண்டாட்டம், அலைச்சுவர் முகத்துக்கு நேரே இருக்கும். நம்மில் பெரும்பாலானவர்கள் போல இடது கால் முன்னே என்றால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும். நான் அந்தக் கட்சி. பழகிவிடும்.

நீளம்: சிகாமாவில் ஒரே அலையில் இரண்டு கிலோமீட்டர் போகலாமாமே?

அந்த அலை ஓடும் தூரம் அவ்வளவு இருக்கும். நீங்கள் போவீர்களா என்பது வேறு. மல்பாசோ, கீஸ், எல் பாயின்ட், எல் ஓம்ப்ரே என்று பகுதி பகுதியாகப் பிரிந்துதான் உடைகிறது. தெற்கு ஸ்வெல் (தொலைவிலிருந்து உருண்டு வரும் அலைத்தொடர்) நன்றாகப் பெருத்து வந்தால்தான் அவை ஓரளவு கோத்துக்கொள்ளும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாய்ப்பு அதிகம். சாதாரண நாளில் எல் பாயின்ட்டில் ஒரு நிமிடம் ஓடினாலே இறங்கும்போது தொடை நடுங்கும்.

நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் கையால் துழாவித் திரும்ப முடியாது. போர்டைக் கக்கத்தில் இடுக்கி அரை மணி நேரம் மணலில் நடந்து திரும்ப வேண்டும், அல்லது காசு கொடுத்து ரப்பர் படகில் ஏற வேண்டும். நான் நடப்பேன். சிகாமா அலை இருக்கும் ஊரான மலாபிரிகோ அழகானதெல்லாம் இல்லை: காற்று, புழுதி, மீன்மாவு ஆலைகளின் வாடை. அலை இல்லாத நாளில் செய்ய ஒன்றும் இருக்காது. ஸ்வெல் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு ட்ருஹீயோ நகரத்திலிருந்து கிளம்புங்கள், 70 கிலோமீட்டர்தான்.

இன்னொன்று. அலை உடையும் இடங்களைக் காக்கப் பெரு 2000-இல் ஒரு சட்டமே போட்டது. விதிமுறைகள் வர 2013 ஆயிற்று. சிகாமா அந்தப் பாதுகாப்பில் இருக்கிறது.

கட்டுமரக்காரன்: உவான்சாகோவின் நாணல் படகுகள் சுற்றுலாக்காரர்களுக்கான காட்சிப் பொருளா, உண்மையாகவே மீன் பிடிக்கிறார்களா?

உவான்சாகோ ட்ருஹீயோவுக்குப் பக்கத்துக் கடலோர ஊர். பிடிக்கிறார்கள், பழைய எண்ணிக்கையில் இல்லை. கபாயித்தோ என்பார்கள், குட்டிக்குதிரை என்று பொருள். இன்காக்களுக்கும் முந்தைய மோசே (Moche) நாகரிகத்து மண்பாண்டங்களிலேயே இந்தப் படகு வருகிறது. கடலோரம் தோண்டிய குட்டைகளில் தொத்தோரா நாணல் வளர்த்து, வெட்டி, காயவைத்து, கற்றையாகக் கட்டுகிறார்கள். முன்மூக்கு மேலே வளைந்திருக்கும், பின்பக்கம் வெட்டினாற்போல முடியும். வலையும் மீனும் பின்னால் இருக்கும் குழியில். பிளந்த மூங்கில்தான் துடுப்பு. காலையில் ஒருவர் திரும்பி வந்ததைப் பார்த்தேன்: துடுப்பு வேகத்தைக் கூட்டி அலையைப் பிடித்தார், பிறகு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார். அலையே கரையில் கொண்டுவந்து விட்டது. அவருக்கு அது விளையாட்டில்லை, வீடு திரும்பும் வழி. நாணல் நீர் குடித்துக் கனத்துவிடும், அதனால் படகுகளை நிமிர்த்திச் சாய்த்து உலரவிடுகிறார்கள். அப்படியும் சில வாரங்களில் புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

முதலில் அலைமேல் ஏறியது ஹவாயா பெருவா என்ற சண்டையில் நான் தலையிடவில்லை. கவலைப்பட வேண்டியது மணலைப் பற்றி. தெற்கே சலவேரி துறைமுகத்தின் தடுப்புச்சுவர் வடக்கே போகும் மணலைத் தேக்கிவிட, இந்தப் பக்கக் கரைகள் கரைகின்றன. புதுச்சேரியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குடும்பஸ்தன்: மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சர்ஃபிங் வேண்டாம், வெதுவெதுப்பான கடல் வேண்டும். எங்கே?

வடகோடி. மாங்கோரா, விச்சாயித்தோ, புன்டா சால். குளிர் நீரோட்டம் அங்கே கரையை விட்டு விலகுவதால் வெட்சூட் இல்லாமலே குளிக்கலாம். மாங்கோரா ஊருக்குள் இரைச்சல் அதிகம். நெடுஞ்சாலையேதான் கடைத்தெரு, நம்மூர் பஜாஜ் ஆட்டோக்கள் அதில் பறக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் விச்சாயித்தோவில் அறை எடுப்பேன். ஆகஸ்ட், செப்டம்பரில் போனால் படகில் போய்க் கூனல்முதுகுத் திமிங்கிலங்களைப் பார்க்கலாம். எல் நியூரோவில் ஆமைகள். எல் நினோ ஆண்டானால் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டு) யோசியுங்கள், அந்தப் பக்கம்தான் மழையும் வெள்ளமும் வந்து சாலை துண்டிக்கும். அந்தப் பெயரே இந்த வடகரை மீனவர்கள் வைத்ததுதான், கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் குழந்தை இயேசுவை நினைத்து.

சுத்த சைவம்: பட்டினி கிடக்க வேண்டுமா?

இல்லை, உருளைக்கிழங்கின் சொந்த ஊர் அது. "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழியும் மீனும் தட்டில் வந்துவிடும். "சின் போயோ, சின் பெஸ்காதோ" (கோழி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். சூப்பை நம்பாதீர்கள்.

அவசரக்காரி: லிமாவில் இரண்டே நாள். போர்டு இல்லை, அனுபவமும் கொஞ்சம்தான்.

லிமாவின் மீராஃப்ளோரெஸ் பகுதி மேட்டிலிருந்து படியிறங்கி மக்காஹா கடற்கரைக்குப் போங்கள். போர்டு, சூட், ஆசிரியர் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். அலை மெதுவானது. கரை மணல் இல்லை, முழுக்கக் கூழாங்கல்; அலை பின்வாங்கும்போது அவ்வளவு கல்லும் சேர்ந்து உருளும் சத்தம் மேலே சாலை வரை கேட்கும். செருப்பைத் தண்ணீர் ஓரம் வரை கழற்றாதீர்கள்.

லிமாவுக்குத் தெற்கே இருக்கும் புன்டா ரோக்காஸ் வேண்டாம். 1965-இல் பெருவின் ஃபெலிப்பே பொமார் அலைச்சறுக்கில் உலகப் பட்டம் வென்ற இடம், 2019 பான் அமெரிக்கப் போட்டியும் அங்கேதான் நடந்தது, ஆசை வரும். ஆனால் அலை கனமானது, அடியில் பாறை, பாறையெல்லாம் கடல் முள்ளெலி. பூட் போடாமல் இறங்கிய அன்று இரவு, தங்கியிருந்த வீட்டு அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தையல் ஊசியால் என் குதிகாலிலிருந்து ஏழு முள் எடுத்தார். எட்டாவது தானாக வெளியே வர மூன்று வாரம் ஆயிற்று.