நடுத்தரக் குடும்பம் வீட்டை இழந்தால் மனதளவில் என்னவெல்லாம் நடக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். எழுதினால் யாராவது அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒரு தயக்கம். நடந்து ஆறு வருடமாகியும் அந்தத் தயக்கம் போகவில்லை என்பதே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில்.

நாங்கள் நான்கு பேரும் ஏழு மாதம் வீடில்லாமல் இருந்தோம். தெருவில் இல்லை, அக்கா வீட்டு ஹாலில். அதனாலேயே நாங்கள் "வீடில்லாதவர்கள்" என்று அப்போது எங்களுக்கே தோன்றவில்லை. "கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டில் இருக்கிறோம்" என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம், எங்களுக்குள்ளும் அப்படியே சொல்லிக்கொண்டோம்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடி, சூதாட்டம் எதுவும் கிடையாது. (இதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது பாருங்கள்.) வீடு வாங்கியபோது இரண்டு சம்பளம். மாதத் தவணை இரண்டு சம்பளத்தையும் சேர்த்ததில் பாதிக்கு மேல் போனது. பிறகு மாமியாருக்கு உடம்பு முடியாமல் போக, மனைவி வேலையை விட்டாள். ஒரு வருடம் கழித்து நான் இருந்த பிரிவையே நிறுவனம் மூடியது. 43 வயதில் அதே சம்பளத்துக்கு வேலை கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஐந்து மாதம் சேமிப்பிலிருந்து தவணை கட்டினோம். அப்புறம் கிரெடிட் கார்டு. அப்புறம் வீட்டுக்கடனைக் கட்ட ஒரு தனிநபர் கடன். அது முடிந்ததும் கட்ட ஒன்றுமில்லை. கடைசியில் வாங்க வந்தவர் கேட்ட விலைக்கு விற்றோம். எல்லாக் கடனையும் அடைத்தபின் கையில் மிஞ்சியது வாடகை வீட்டு அட்வான்ஸுக்குக்கூடப் போதவில்லை. போதியிருந்தாலும், சம்பளச் சீட்டு காட்ட முடியாதவனுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? வேலை போனால் சொந்த வீடு மட்டும் போவதில்லை, வாடகை வீட்டின் கதவும் சேர்ந்தே சாத்திக்கொள்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இப்போது மனதளவில் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன்.

வீட்டைக் காலி செய்த நாள் மோசமானது என்று நினைப்பீர்கள். இல்லை. அதற்கு முந்தைய பத்து மாதம்தான் மோசம். அந்தப் பத்து மாதமும் நாங்கள் நடித்துக்கொண்டிருந்தோம். முதல் தவணை தவறிய மாதத்தில் ஹாலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கினோம், தெரியுமா? விருந்தாளிகள் வருகிறார்கள், பழையது வெளுத்துப்போயிருக்கிறது என்று. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஆனால் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும். பணம் குறையக் குறைய, குறையவில்லை என்று காட்டுவதற்கான செலவு கூடும்.

இன்னொன்று, ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்தது. நான் வங்கியிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் இழுப்பறை மூட வரவில்லை. மனைவி தன் பங்குக்குப் பல்வலியை மறைத்தாள். நான்கு மாதம் வலது பக்கமாக மட்டுமே மென்று சாப்பிட்டிருக்கிறாள். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட நான் கவனிக்கவில்லை. வீட்டை விற்ற பிறகு, கன்னம் வீங்கிய அன்றுதான் தெரிந்தது. வீடு போனதை விட அது எனக்குப் பெரிய அடி. "ஏன் சொல்லவில்லை" என்று கேட்டேன். "நீ கடிதத்தைப் பிரித்துப் படித்தாயா?" என்றாள்.

அந்தக் கடிதங்களில் ஒன்று, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம் என்று சொன்ன கடிதம். பிரித்தபோது கடைசித் தேதி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான் என்று பல இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன். பின்னாளில் 2013இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பு, கையில் காசில்லாத நேரத்தில் ஒரு தடவையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒரு தடவையும் ஒரே மாதிரியான அறிவுத்திறன் சோதனைகளை வைத்திருக்கிறார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் பணமில்லாத நேரத்தில் மதிப்பெண் குறைந்திருக்கிறது. பணக்கவலை மூளையின் திறனில் ஒரு பகுதியை ஆக்கிரமித்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். படித்தபோது ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் தேதி முடிந்தது முடிந்ததுதானே.

சரி, அக்கா வீடு.

அக்காவும் அத்தானும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். குத்திக்காட்டும் உறவுக்காரர்களைப் பற்றிப் பலர் எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அது நடக்கவில்லை. அப்படி நடந்திருந்தால் கோபப்பட்டாவது கொஞ்சம் தெம்பு வந்திருக்குமோ என்று சில நேரம் நினைத்ததுண்டு. நல்லவர்கள் வீட்டில் தங்குவதில் வேறொரு கஷ்டம் இருக்கிறது. நாள் முழுக்க நன்றியோடு இருக்க வேண்டும். அது ஒரு முழுநேர வேலை. அத்தான் டிவி பார்த்து முடிக்கும்வரை நாங்கள் படுக்கை விரிக்க முடியாது. அவருக்கு அது உறைத்ததும் சீக்கிரம் அணைக்க ஆரம்பித்தார். அவர் சீக்கிரம் அணைப்பதைப் பார்த்ததும் எங்களுக்கு இன்னும் கூச்சம். "நீங்கள் பாருங்கள் அத்தான், எங்களுக்குத் தூக்கம் வரவில்லை" என்று கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். காலையில் வீடு எழும் முன்பே மனைவி எழுந்து படுக்கைகளைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுவாள். நாங்கள் அங்கே தூங்கியதற்கான தடயமே இருக்கக் கூடாது என்பது போல.

பையனுக்கு அப்போது ஏழு வயது. அத்தை வீட்டில் பிரிட்ஜைத் திறக்க அனுமதி கேட்பான். முன்பெல்லாம் விடுமுறைக்குப் போனபோது கேட்டதில்லை, நேரே போய்த் திறப்பான். விருந்தாளியாகப் போனபோது இருந்த உரிமை, தங்க வந்தபோது போய்விட்டது. இதை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

மகளுக்குப் பதின்மூன்று. பள்ளியில் ஏதோ படிவம் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். முகவரி என்ற இடத்தில் பழைய வீட்டு முகவரியை எழுதிவிட்டாள். அந்த முகவரிக்குப் போன தபால் திரும்பி வந்து, ஆசிரியை என்னை அழைத்து, "உங்கள் பெண் பொய் சொல்கிறாளா, மறந்துவிட்டாளா?" என்று கேட்டார். நான் "மறந்திருப்பாள்" என்றேன். பொய் சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. "யாரிடமும் சொல்லாதே" என்று அவளிடம் சொன்னது நான்தானே. பள்ளியில் உண்மையைச் சொல்லியிருந்தால் கட்டணத்துக்காவது அவகாசம் கிடைத்திருக்கும்.

பிறகொரு நாள், வீடற்றவர்களை நாடுகள் எப்படிக் கணக்கெடுக்கின்றன என்று தேடிப் படித்தேன். ஏன் தேடினேன் என்று கேட்காதீர்கள், தூக்கம் வராதவன் எதையும் தேடுவான். பின்லாந்தில் வீடில்லாமல் உறவினர், நண்பர் வீடுகளில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களையும் வீடற்றவர்கள் என்றே எண்ணுகிறார்கள். அங்கே வீடற்றவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கணக்குப்படி நாங்களும் அந்தப் பட்டியலில் நான்கு பேர். வருத்தமா, நிம்மதியா என்று சொல்லத் தெரியவில்லை. பெயர் தெரியாத வியாதிக்கு மருத்துவர் பெயர் சொன்னால் வருமே, அது போல ஏதோ ஒன்று.

துக்கம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஆள் யாரும் சாகவில்லையே, இதற்குப் போய் இப்படியா என்று என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் 1950களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்ட் பகுதியை அரசு இடித்து மக்களை அப்புறப்படுத்தியபோது, மார்க் ஃப்ரீட் என்ற உளவியலாளர் அவர்களைத் தொடர்ந்து சந்தித்துப் பேசி, 1963இல் முடிவுகளை வெளியிட்டார். பெண்களில் 46 சதவீதம் பேரும் ஆண்களில் 38 சதவீதம் பேரும் கடுமையான துக்கத்தில் விழுந்திருந்தார்கள். நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்கள் பேசுவது போலவே பேசினார்கள் என்று எழுதியிருக்கிறார். சாவு வீட்டுக்கு நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டாவது போவார்கள். வீடு போனவனிடம் என்ன விசாரிப்பது என்று யாருக்கும் தெரியாது. "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

என் விஷயத்தில் துக்கம் வந்த வழி கொஞ்சம் அசட்டுத்தனமானது. செல்போனில் இருக்கும் வரைபடச் செயலியில் பழைய முகவரிதான் "வீடு" என்று பதிவாகியிருந்தது. மாலை ஐந்தரை மணியானால் தானாகவே செய்தி வரும்: "வீட்டுக்கு 22 நிமிடம். போக்குவரத்து குறைவு." ஏழு மாதமும் வந்தது. மாற்றுவதற்கு அரை நிமிடம் ஆகாது. மாற்றினால் அந்த இடத்தில் எதைப் போடுவது?

நடு இரவில் வேண்டாத யோசனைகளும் வந்தன. மனைவிதான் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். உங்களுக்கும் அப்படி வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லிவிடுங்கள். தூக்கம் கெடுமே என்று பார்க்காதீர்கள்.

இப்போது அந்த நிலையில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், நான் செய்யாமல் விட்டதைச் சொல்கிறேன். கடைசிச் சேமிப்பையும் தவணையில் போடாதீர்கள். பலர் இதற்கு நேரெதிராகச் சொல்வார்கள், கௌரவம் என்பார்கள். ஐந்து மாதம் கௌரவமாகக் கட்டி ஆறாவது மாதம் வெறுங்கையோடு நிற்பதை விட, வாடகை வீட்டு அட்வான்ஸையும் மூன்று மாத வாடகையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முதல் தவணை தவறும் முன்பே கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசுவது மேல். தவணை தவறியபின் பேசுவதற்கும் தவறும் முன் பேசுவதற்கும் ரொம்ப வித்தியாசம். வீட்டை விற்றே ஆக வேண்டுமென்றால் நீங்களே விற்றுவிடுங்கள். அவசரத்தில் விற்பவனுக்கு விலை கிடைக்காது, ஏலத்துக்குப் போனால் அதுவும் கிடைக்காது. இங்கிலாந்தில் 2017இல் கொண்டுவந்த சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கே உள்ளாட்சி நிர்வாகம் உதவத் தொடங்கியாக வேண்டும். வீடு போனபின் இல்லை, போகும் முன். எல்லா ஊரிலும் அப்படிச் சட்டம் இருக்காது. ஆனால் அந்த இரண்டு மாத அவகாசம் எவ்வளவு பெரியது என்பது இழுப்பறையில் கடிதம் சேர்த்த எனக்குத் தெரியும்.

பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். சொல்லுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத மாதிரி நடிக்க வேண்டிய வேலையையாவது அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவன் மனைவி விஷயம் ஒன்று பாக்கி. அக்கா வீட்டில் எங்களால் சண்டை போட முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும்போது எப்படிப் போடுவது? சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் திட்டிக்கொள்வோம். அங்கேயும் யாராவது நடந்து வந்தால் சிரித்துப் பேசுவது போல் முகத்தை மாற்றிக்கொள்வோம். திரும்பும்போது ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் அக்காவுக்குச் சந்தேகம் வரும்.

எட்டாவது மாதம் எனக்குக் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. அத்தான் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட, ஒரே ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு அமைந்தது. குடிபோன முதல் இரவே நானும் மனைவியும் சண்டை போட்டோம். பீரோவை எங்கே வைப்பது என்று ஆரம்பித்து, கடிதம், பல்வலி, திரைச்சீலை என்று ஒன்று விடாமல் போட்டோம், தொண்டை கிழிய. பதினொரு மணிக்கு மகள் உள்ளேயிருந்து, "கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறீர்களா, தூங்க வேண்டும்" என்று கத்தினாள். நாங்கள் நிறுத்தவில்லை.