மோந்த்ரேய் பீச் பழச் சுவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய இடங்களை மக்களுக்குத் திறந்துவிடும், செப்டம்பரில் வரும் பாரம்பரிய நாட்களில், பாரிஸுக்குக் கிழக்கே மோந்த்ரேய் நகரில் பீச் பழ மரங்களுக்காக எழுப்பிய பழைய சுவர்களைப் பார்க்கப் போனோம். புதர் மண்டிய நிலம், பாதி சரிந்த மண்சுவர்கள். கோட்டையும் இல்லை, கோபுரமும் இல்லை. இதை ஏன் பாதுகாக்கிறார்கள்? அவ்வளவு அக்கறை இருந்தால் சிமெண்ட் பூசி நிமிர்த்திவிடலாமே?

சுமதி

அன்புள்ள சுமதி,

அந்தச் சுவர்களை விவசாயக் கருவியாகப் பார்த்தால்தான் பிடிபடும். பீச் மரம் சீக்கிரம் பூக்கும். பாரிஸ் பக்கத்து ஏப்ரல் இரவுப் பனி பூவைக் கருக்கிவிடும். அதற்கு மோந்த்ரேய்க்காரர்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே கண்ட வழி இது. சுமார் 2.70 மீட்டர் உயரச் சுவர்களைப் பெரும்பாலும் வடக்கு தெற்காக எழுப்பினார்கள். காலை வெயில் ஒரு முகத்துக்கு, மாலை வெயில் மறுமுகத்துக்கு. உள்ளே கல்லும் மண்ணும். மேலே உள்ளூர் ஜிப்சத்தைச் சுட்டு எடுத்த பிளாஸ்டர் பூச்சு. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் மரத்துக்குத் தரும். 19ஆம் நூற்றாண்டில் இவற்றின் மொத்த நீளம் சுமார் 600 கிலோமீட்டரை எட்டியது.

பிளாஸ்டரில் ஆணி எளிதாக இறங்கும். இளங்கிளையைத் துணிக்கீற்றால் தளர்வாகச் சுற்றி, கீற்றின் இரு முனைகளையும் சேர்த்துச் சுவரில் அறைவார்கள். கம்பியைப் போலத் துணி பட்டையை அறுக்காது. கிளை பருக்கவும் இடம் விடும். பீச் போன வருடத் தளிரில்தான் காய்க்கும். அதனால் காய்த்த கிளையை வெட்டி, அதன் அடியில் மாற்றுத் தளிர் ஒன்றை வளர்த்தெடுக்க வேண்டும். ஓரிரு வருடம் இப்படிக் கிளை வெட்டும் கவாத்தைச் செய்யாமல் விட்டால் மரத்தின் நடுப்பகுதி மொட்டையாகி, காய்ப்பு நுனிக்கு ஓடிவிடும்.

இனி சிமெண்ட். தயவுசெய்து அதை யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள். மண்சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடுவது. சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். பூச்சு தனி ஓடாகக் கழன்று, பின்னால் மண் கரையும். ஆணியும் இறங்காது. சுவர் சாவது பெரும்பாலும் உச்சியிலிருந்துதான். அங்கே முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு உடைந்தால் மழை நேரே நடுவுக்குள் இறங்கும். சுவர் வயிறு தள்ளிச் சரியும். ஆகவே பழுது பார்க்கிறவர் முதலில் விளிம்பைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் பூச்சு. அந்த விளிம்பு மரத்தையும் காக்கிறது: மொட்டு விரியும்போது நனையாமல் இருந்தால் இலைச்சுருட்டை நோய் குறையும். பனிக்காலத்தில் வைக்கோல் பாய்களை அதிலிருந்துதான் தொங்கவிட்டார்கள்.

இதே ஊரின் இன்னொரு கலை, ஆப்பிளில் படம் பதிப்பது. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். காய் சிறிதாக இருக்கும்போதே காகிதப் பை கட்டுவார்கள்; உள்ளே தோல் வெளிறியே வளரும், புழுவும் அண்டாது. பறிப்பதற்குச் சில வாரம் முன்பு பையை எடுத்துவிட்டு, உருவமாக வெட்டிய காகிதத்தை முட்டை வெள்ளைக்கரு அல்லது நத்தைச் சளியால் ஒட்டுவார்கள். வெயில் பட்ட இடம் சிவக்கும், மறைந்த இடம் வெளிறியே நிற்கும். பையைச் சுள்ளென்ற வெயிலில் சட்டென்று கழற்றினால் தோல் வெந்துவிடும். ரஷ்ய ஜார் மன்னரின் உருவத்தைக்கூட இப்படி ஆப்பிளில் பதித்திருக்கிறார்கள்.

தெற்கிலிருந்து ரயிலில் மலிவான பீச் வந்து இறங்கியதும் தொழில் தளர்ந்தது. பிறகு வீட்டுமனைகள் நிலத்தை விழுங்கின. எஞ்சியதில் சுமார் 8 ஹெக்டேருக்கு 2003இல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. மற்ற பகுதிக்கும் அது வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த முறை மார்ச் கடைசியில், மரங்கள் பூக்கும் சமயம் போங்கள். 9ஆம் மெட்ரோவின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் பஸ் உண்டு. ர்யூ து ஜார்தென் எகோல் தெருவில் 1878இல் தொடங்கிய தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டமும் கருவி அருங்காட்சியகமும் இருக்கின்றன. திறக்கும் நாளை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சுவரில் படர்த்திய மரத்தைப் பார்த்துவிட்டுச் சரிந்த சுவர்களுக்கு நடந்து போங்கள். பூச்சில் பழைய ஆணித் துளைகளைத் தேடுங்கள். கிளைகள் விரிந்திருந்த விசிறி வடிவம் புலப்படும்.