அறுபது வயதுக்கு மேல், குறைந்த செலவில், தொழிலுக்காக நீண்ட வெளிநாட்டுப் பயணங்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் சொந்தக் காசில் போகிறவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். கம்பெனி டிக்கெட் போட்டுக் கொடுத்தால் 'குறைந்த செலவில்' என்று கேட்டிருக்க மாட்டீர்கள். "பிசினஸ் கிளாஸில் போங்கள், படுத்துக்கொண்டே போகலாம்" என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். கரூரில் மேஜை விரிப்பும் ஏப்ரனும் தைத்து அனுப்புகிறவனுக்கு ஒரு சின்ன ஆர்டரின் லாபம் அந்த டிக்கெட்டிலேயே போய்விடும். அதனால் அவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எனக்கு அறுபத்து நாலு. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. வருடா வருடம் ஜனவரியில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் 'ஹெய்ம்டெக்ஸ்டில்' என்கிற வீட்டுத் துணிக் கண்காட்சிக்குப் போகிறேன். எப்போதும் பொங்கலை ஒட்டித்தான் வரும். 2025-ல் பொங்கலன்றே தொடங்கியது. "இந்த வயசுல எதுக்கு மாமா, ஜூம்ல பேசிக்கலாமே" என்பான் என்னோடு தொழிலில் இருக்கும் அக்கா பையன். துணியை விரலால் தடவிப் பார்க்காமல் ஆர்டர் கொடுத்த புது பையரை, அதாவது சரக்கு வாங்குகிறவரை, நான் இன்னும் பார்க்கவில்லை. பழைய பையர் கொடுப்பார், அது வேறு.

என் கணக்கு இதுதான். டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கலாம், ரூமில் மிச்சம் பிடிக்கலாம். போய் இறங்கும் நாளில் மட்டும் பிடிக்கக் கூடாது. காலையில் இறங்கி, கழிவறையில் முகம் கழுவி, மதியம் மீட்டிங் போவதெல்லாம் நாற்பது வயதுக்காரன் செய்கிற வேலை. வேலை தொடங்குவதற்கு முழுதாக ஒரு நாளாவது முன்னால் போய்விடுங்கள். ஒரு ராத்திரி ரூம் வாடகை கூடத்தான் ஆகும், கொடுங்கள்.

இது எதற்கு உதவும் என்று 2024-ல் தெரிந்தது. கண்காட்சி சமயத்தில் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்குள் ஹோட்டல் வாடகை எங்கேயோ போய்விடும். அதனால் நாங்கள் பக்கத்து ஊரான ஆஃபன்பாக்கில் தங்கி, எஸ்-பான் என்கிற புறநகர் ரயிலில் போய் வருவோம். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டோம். செவ்வாய் கண்காட்சி தொடக்கம். புதன் அதிகாலையிலிருந்து ரயில் ஓட்டுநர்கள் சங்கம் வேலைநிறுத்தம், வெள்ளி மாலை வரைக்கும். கண்காட்சி முடிவதும் வெள்ளிதான்! போதாக்குறைக்கு அதே வாரம் டீசல் மானியத்துக்காக விவசாயிகள் டிராக்டரோடு சாலையில் இறங்கியிருந்தார்கள். வெளியே உறைகிற குளிர்.

அக்கா பையன் டாக்ஸிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். நான் முந்தின நாள் ராத்திரியே ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கேட்டு வைத்திருந்தேன். ரயில்தான் நின்றிருக்கிறது, நகரத்து டிராம் வேறு நிர்வாகம், அது ஓடும் என்றாள். குளிர்காலத்தில் ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருப்பதால் எனக்கு எப்படியும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், நம் ஊரில் ஏழரை. அந்த நேரத்துக்கு எழுந்து, கெட்டிலில் வெந்நீர் போட்டு அவலை நனைத்து, பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்டு, மாத்திரை முழுங்கி, அவனையும் எழுப்பி, சாம்பிள் பையோடு பஸ் ஏறி ஊர் எல்லைக்குப் போய் டிராம் பிடித்தோம். ஒன்பது மணிக்கு ஹால் திறக்கும்போது ஸ்டாலில் விளக்கைப் போட்டாயிற்று. ஒன்பதரைக்கு வருவதாகச் சொன்ன பையர் பதினொன்றுக்கு வந்தார். பாவம், அவருக்கும் ரயில் இல்லை. அன்று மதியம் ஸ்டாலுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி கொஞ்சம் கண்ணை மூடினேன். ஞாயிறும் திங்களும் தூங்கியிருக்காவிட்டால் அந்தக் குளிரில் இவ்வளவு அலைச்சலுக்கு என் முட்டி ஒத்துழைத்திருக்காது.

சரி, விமானத்துக்கு வருவோம். நான் டாக்டர் இல்லை. என் டாக்டர் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன், நீங்கள் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுதான், அதாவது கொடைக்கானலில் ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. காற்றில் ஈரமும் குறைவு. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும், வயதானால் இன்னும் கூடும். அதனால் காசு கொடுத்தாவது நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். என் வயது ஆண்களுக்கு அது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. பாத்ரூம் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற இறுக்கமான காலுறை எல்லோருக்கும் ஒத்துவராது, கேட்டுவிட்டுப் போடுங்கள். மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில், மருந்துச் சீட்டோடு. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் சரக்கு அறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

வளைகுடா வழியாக மாறிப் போகிற டிக்கெட் மலிவு, நானும் அப்படித்தான் போகிறேன். ஆனால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் இன்னும் சில ஆயிரம் மிச்சமாகும்தான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்காரன் உங்களை ஏனென்று கேட்க மாட்டான்.

இன்ஷூரன்ஸ். ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு வேண்டும் என்பதால் எல்லோரும் வாங்குகிறோம். ஆனால் விலை குறைந்த பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. நம் வயதில் ஆஸ்பத்திரிச் செலவு வருவதே அதனால்தான். உள்ள நோயைச் சொல்லி, அதன் அவசரச் சிகிச்சைக்கும் சேர்த்துத் தருகிற பாலிசியாக வாங்குங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

"இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் போக வேண்டும், கஞ்சன்" என்று யாராவது எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்று சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருடம் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது. எனக்குத் துணி தருகிற தறிக்காரருக்குச் சீக்கிரம் பணம் போவது நல்லதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. எனக்குப் பணம் தருகிற பையர் 90 நாள், 120 நாள் கேட்கிறாரே, அவருக்கு யார் சட்டம் போடுவது? இடையில் இருக்கிற நாளுக்கெல்லாம் வங்கிக்கு வட்டி நான் கட்டுகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஐரோப்பாவில் புது பையர் தேடுவதைத் தவிர வேறு வழியும் இல்லாமல் போனது. வீட்டில் உட்கார்ந்துகொண்டா தேடுவது?

எங்கேயோ போய்விட்டேன். சாப்பாடு ஒன்று பாக்கி. பால், இறைச்சிப் பொருள்களை நம் ஊரிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் கொண்டுபோகத் தடை உண்டு, அதனால் வீட்டில் கொடுத்துவிடும் பால்கோவாவை இங்கேயே தின்றுவிட்டுப் புறப்படுங்கள். அவல், பொடி வகை, ஒரு சின்ன கெட்டில் போதும். முட்டி வலி இருந்தால் டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள், அதற்குக் காசு இல்லை. நன்றாக நடக்கிறவர்கள் வரிசையைத் தாண்ட அதைக் கேட்பது எனக்குப் பிடிக்காது.

வேறு சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விசா அப்பாயின்ட்மென்ட் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அதற்கு இன்னொரு பதில் முழுக்கத் திட்ட வேண்டியிருக்கும்.