எதுவும் தெரியாது

வணக்கம் சார்,

நாங்கள் பதினெட்டுப் பேர். பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியில் கூடி ஒரு மணி நேரம் பொது அறிவு வினாடி வினா விளையாடுகிறோம். ஒவ்வொரு நாளும் ஒருவர் கேள்வி கேட்பார். முதலில் சரியாகச் சொல்பவருக்குப் புள்ளி. பணமோ பரிசோ கிடையாது. இணையத்தில் தேடக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

இரண்டு மாதமாக ஒரு சிக்கல். புதிதாக வந்த ஒருவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறார். கடினமான கேள்வி என்றால் முப்பது, நாற்பது நொடி கழித்து வருகிறது, அதுவும் ஆண்டு, பிறந்த ஊர் எல்லாம் சேர்த்து. தேடித்தான் எழுதுகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நொடிக்கணக்கைத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். ஏழு மாதம் முதலிடத்தில் இருந்தவன், இப்போது இரண்டாமிடம். அது பெரிதல்ல, ஆனால் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே? அவரை விலக்கச் சொல்லலாமா?

குழுவில் பழைய கலகலப்பும் இல்லை. முன்பு ஓர் அக்கா இருந்தார். எதைக் கேட்டாலும் தப்பாகச் சொல்வார். ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம் என்றால் ‘காலுக்கு ஒன்று, மொத்தம் எட்டு’ என்றார். ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தோம். இப்போது அவர் வருவதில்லை. செயற்கை நுண்ணறிவு நொடியில் எல்லாம் சொல்லும் காலத்தில் இந்த விளையாட்டுக்குப் பொருள் உண்டா என்றும் சில நேரம் தோன்றுகிறது.

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். கார் வந்த பிறகும் மனிதர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்கள். போதும்.

தேடுகிறவர் விஷயத்துக்கு வருவோம். தேடட்டுமே! புள்ளியை வைத்து என்ன வாங்கப்போகிறார்? வினாடி வினாவில் ஏமாற்று புதிதல்ல. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெரும் பணம் புரண்ட போட்டிகளிலேயே விடைகளை முன்கூட்டிச் சொல்லிக்கொடுத்து நடத்தினார்கள். ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்றொருவர். 1956இல் அவர் தோற்க வேண்டும் என்று நிகழ்ச்சி நடத்தியவர்கள் முடிவு செய்தார்கள். முந்தைய ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்ற கேள்வி. அது அவருக்கு மிகவும் பிடித்த படம். சொல்லிக்கொடுத்தபடி வேறு படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வெளியேறினார். அவரைத் தோற்கடித்ததாகப் புகழ்பெற்ற சார்லஸ் வான் டோரன், விடைகள் தனக்கு முன்பே தரப்பட்டன என்று 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அங்கே பணம் இருந்தது. உங்கள் நண்பருக்கு அதுவும் இல்லை. ஒன்பது மணிக்கு நாலு பேர் ‘அட’ என்று சொன்னால் போதும் என்றிருக்கிறார். பாவம், விட்டுவிடுங்கள்.

அவர் எதை இழக்கிறார் என்று பாருங்கள். 1966இல் ரோஜர் பிரவுன், டேவிட் மக்நீல் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் அரிய சொற்களின் விளக்கத்தை மட்டும் வாசித்து, அது என்ன சொல் என்று கேட்டார்கள். சிலருக்குச் சொல் நுனிநாக்கில் வந்து நின்றது, வெளியே வரவில்லை. ஆனால் முதல் எழுத்து என்ன, எத்தனை அசை என்று அவர்களால் பல சமயம் சரியாகச் சொல்ல முடிந்தது. வீடு தெரிகிறது, கதவு தெரியவில்லை. அந்த அவஸ்தை இருக்கிறதே, இந்த விளையாட்டின் மொத்த ருசியும் அதில்தான். ‘க’வில் தொடங்கும், மூன்றெழுத்து, ஐயோ, நேற்றுக்கூடப் படித்தேனே என்று தலையைச் சொறிகிற அந்த அரை நிமிடத்தை விட்டுக்கொடுத்துத்தான் அவர் புள்ளி வாங்குகிறார். நீங்களும் அதே அரை நிமிடத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் விளையாடவில்லை. தாளைக் கிழித்துப் போடுங்கள், அப்புறம் நேர்மையைப் பற்றிப் பேசலாம்.

சரி. இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன விஷயம்.

ஏமாற்றுக்காரருக்கு ஒரு முழுப் பத்தி. அந்த அக்காவுக்கு ‘இப்போது அவர் வருவதில்லை’ என்று ஒரே வரி. ஏன் வரவில்லை என்று பதினேழு பேரில் யாராவது கேட்டீர்களா? ஒரு வாரம் சிரித்திருக்கிறீர்கள். ஒரு வாரம்! முதல் நாள் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். இரண்டாம் நாள் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பியிருப்பார். ஐந்தாம் நாள்?

அவர் சொன்ன விடையைப் பாருங்கள். எட்டுக் கால். ஒவ்வொன்றும் தன்போக்கில் வளைந்து நெளிந்து எதையோ தேடுகிறது. அவ்வளவுக்கும் இரத்தம் போக வேண்டும். அப்படியானால் காலுக்கு ஒரு இதயம் இருக்கலாமே? அவர் யோசித்திருக்கிறார். ‘மூன்று’ என்று சொன்னவர் எங்கோ படித்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஏன் மூன்று என்று அன்றிரவு யாராவது கேட்டீர்களா? இரண்டு இதயங்கள் செவுள்களுக்கு இரத்தத்தைத் தள்ளுகின்றன, ஒன்று உடம்புக்கு. அதன் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது நம்முடையதைப் போல இரும்பு கலந்த பொருளல்ல, செம்பு கலந்தது. அதனால்தான் இரத்தம் நீலம். இரும்பு செய்கிற அளவுக்குச் செம்பு அந்த வேலையைச் செய்வதில்லை, ஆகவே வலுவாகத் தள்ள வேண்டியிருக்கிறது. இதற்கெல்லாம் வாசலைத் திறந்தது அந்த எட்டு என்கிற தப்பு விடை. நீங்கள் வாசலில் நின்று சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டீர்கள்.

நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்று தோன்றும். காரணம் இருக்கிறது. பல வருடங்களாக மனதில் கிடக்கிறது, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

1990களின் தொடக்கம். விடுதியில் ஞாயிறு மாலைகளில் வினாடி வினா நடத்துவோம். நடத்துவோம் என்ன, நான்தான் நடத்துவேன். என்னிடம் மட்டும்தான் விடைகளோடு கூடிய ஒரு தடித்த பொது அறிவுப் புத்தகம் இருந்தது. அது கையில் இருக்கும்வரை நான் சர்வ வல்லமை படைத்தவன். மேசையில் ஒரு மணி வேறு.

ஒரு ஞாயிறு, முதலாமாண்டு மாணவன் ஒருவன் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அதிகம் பேசமாட்டான், பேசினால் தரையைப் பார்த்துப் பேசுவான். அவன் முறை வந்தது. கேட்டேன்: “நிலவில் நின்று பார்த்தால், பூமியில் மனிதன் கட்டியவற்றில் எது தெரியும்?”

அவன் சொன்னான்: “எதுவும் தெரியாது.”

நான் புத்தகத்தை மூடினேன். “எதுவும் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை?” என்றேன்.

கூட்டம் அதிர்ந்து சிரித்தது. இவ்வளவு நல்ல நகைச்சுவையை நான் அதற்கு முன்பும் சொன்னதில்லை, பின்பும் சொன்னதில்லை. அவன் தலையை நிமிர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தான். மணியை அடித்துவிட்டேன். பக்கத்து அணி ‘சீனப் பெருஞ்சுவர்’ என்று கத்தியது. பத்துப் புள்ளி. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. நானும் ‘இப்போது அவன் வருவதில்லை’ என்றுகூட நினைத்துக்கொள்ளவில்லை.

2003 அக்டோபரில் சீனா தன் முதல் விண்வெளி வீரரை அனுப்பியது. யாங் லிவெய். ஷென்சோ-5 கலத்தில் பூமியைப் பதினான்கு முறை சுற்றிவிட்டு இறங்கினார். பெருஞ்சுவர் தெரிந்ததா என்று கேட்டார்கள். தெரியவில்லை என்றார். அவர் பறந்தது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில். நிலவு சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தச் செய்தியை வாசித்தபோது பழைய ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

எதுவும் தெரியாது.

அவன் விடையைச் சொல்லியிருக்கிறான்! எது தெரியும் என்று கேட்டேன், எதுவும் தெரியாது என்றான். நம் மொழியில் கண்ணுக்குப் படுவதும் தெரிவதுதான், அறிவதும் தெரிவதுதான். அவன் நிலவில் நின்று சொன்னதை நான் விடுதியில் நின்று கேட்டுவிட்டேன்.

பிறகு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுவர் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் நீளமாயிருந்தால் என்ன, அகலம் சில மீட்டர்தான். நிலவிலிருந்து அதைப் பார்ப்பது, ஒரு தலைமுடியை மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். போதாக்குறைக்கு, பல இடங்களில் சுற்றியுள்ள மண்ணின் நிறமேதான் சுவருக்கும். இந்தக் கதையோ விண்கலங்களைவிட மிகப் பழையது. 1754இல் வில்லியம் ஸ்டூக்லி என்ற ஆங்கிலேயர் ஒரு கடிதத்தில், சீனச் சுவரை நிலவிலிருந்தும் காணக்கூடும் என்று எழுதிவைத்தார். அப்போது ஆகாய பலூன்கூடப் பறக்கத் தொடங்கவில்லை. யாரும் போய்ப் பார்க்காமலே ஊர் ஊராகப் போய், புத்தகம் புத்தகமாக ஏறி, கடைசியில் என் கையிலிருந்த தடித்த புத்தகத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டது. முதலாமாண்டுப் பையன் ஒருவன் தானாக யோசித்து, அது நடக்காத காரியம் என்று கண்டுபிடித்திருக்கிறான். நான் மணி அடித்தேன்.

விடைப் புத்தகத்தை நம்புகிறவர்களுக்காக இன்னும் இரண்டு சொல்கிறேன். உங்கள் குழுவிலும் கேள்வி கேட்பவர் கையில் ஒன்று இருக்கும், அல்லது அதுபோல ஒரு பக்கம் திறந்திருக்கும். மனிதனுக்கு எத்தனை குரோமோசோம்? 46. ஆனால் 1923இல் தியோஃபிலஸ் பெயின்டர் 48 என்று எண்ணிச் சொன்னார். 1956இல் ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் 46 என்று வெளியிடும்வரை பாடப்புத்தகத்தில் 48தான். அந்த முப்பத்துமூன்று ஆண்டுகளில் யாராவது வினாடி வினாவில் 46 என்று சொல்லியிருந்தால் சுழியம் வாங்கியிருப்பார், ஒரு வாரம் சிரிப்பும் வாங்கியிருப்பார்.

இன்னொன்று வேடிக்கை. ஃப்ரெட் வொர்த் என்றொருவர் துணுக்குத் தகவல் களஞ்சியம் தொகுத்தார். யாராவது தன்னிடமிருந்து அள்ளினால் கண்டுபிடிப்பதற்காக, ஒரு தொலைக்காட்சித் துப்பறியும் அதிகாரிக்கு முதற்பெயர் ஒன்றைத் தானே கற்பித்து உள்ளே நுழைத்தார். டிரிவியல் பர்சூட் என்ற புகழ்பெற்ற பலகை விளையாட்டில் அதே பெயர் விடையாக வந்தது. பிடித்துவிட்டேன் என்று 1984இல் முப்பது கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தகவல் யாருக்கும் சொந்தமல்ல என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. எனக்கு வழக்கைப் பற்றி அக்கறையில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அந்த இல்லாத பெயரைச் சரியாகச் சொல்லிப் புள்ளி வாங்கியிருப்பார்கள்? ‘அப்படி ஒரு பெயரே கிடையாது’ என்று சொன்னவர் வாயை எத்தனை பேர் அடைத்திருப்பார்கள்? அவர்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பையனைப் பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தேன். பையன் என்ன, தலை நரைத்துவிட்டது. ஒரு பொது நண்பர் வீட்டில். நானாகப் போய் அறிமுகப்படுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை, கேள்வி, அவர் சொன்ன விடை, நான் சொன்ன நகைச்சுவை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். “நீங்கள் சொன்னதுதான் சரி. அன்று அந்த அர்த்தத்தில்தானே சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “விடுதியில் வினாடி வினா நடக்குமா? எனக்கு ஞாபகமே இல்லையே” என்றார்.

மறந்துவிட்டாரா, மறந்ததாகச் சொன்னாரா? அல்லது உண்மையிலேயே அன்று விடை தெரியாமல்தான் தெரியாது என்றாரா? மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தாயிற்று. கேட்க வேண்டிய நேரம் அந்த ஞாயிறு மாலை, அவர் வாயெடுத்தபோது. நான்கு நொடி போதும், மணியின் மேலிருந்து கையை எடுத்திருந்தால். நீங்கள் ஏமாற்றுக்காரருக்கு நாற்பது நொடி எண்ணுகிறீர்கள்.

இன்றிரவு எட்டரைக்கு அந்த அக்காவைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். குழுவில் எல்லோர் முன்னாலும் ‘அக்கா திரும்பி வாங்க’ என்று ஆர்ப்பாட்டம் வேண்டாம், தனியாகப் பேசுங்கள். மன்னிப்பு கேட்கிறீர்களோ இல்லையோ, இன்று ஒன்பது மணிக்குக் கேள்வி கேட்கப்போவது நீங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் முறை இல்லையென்றால் யாரிடமாவது மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கேள்வியை நான் தருகிறேன். ஆக்டோபஸின் உடம்பில் சுமார் ஐம்பது கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதன் தலையில் இல்லை. பின்னே எங்கே?