திவான்: அமைச்சரும் கட்டிலும் ஒரே சொல்லா?

கோவைக் கடைகளில் முதுகுச் சாய்வு இல்லாத மெத்தை இருக்கையைத் 'திவான்' என்று விற்கிறார்களே, அரசர் காலத்து அமைச்சரைக் குறிக்கும் திவானும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல்தான்.

பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல்லின் பழம்பொருள் பதிவேடு. 7ஆம் நூற்றாண்டில், இஸ்லாமிய அரசின் தலைவரான கலீபா உமர் காலத்தில், படைவீரர்களின் பெயரும் ஊதியமும் எழுதிய ஏட்டைத் திவான் என்றனர். ஏட்டின் பெயர் அதை வைத்திருந்த அலுவலகத்துக்கும், பிறகு மன்னர் அமரும் அவைக்கும், அந்த அவையில் சுவரோரமாக மெத்தையிட்டுப் போட்டிருந்த நீண்ட இருக்கைக்கும் படிப்படியாக நகர்ந்தது. சாய்ந்துகொள்ளச் சுவரும் திண்டும் இருந்ததால் அந்த இருக்கைக்குத் தனி முதுகு தேவைப்படவில்லை. நம் ஊர்த் திண்ணையும் அப்படித்தானே! துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போன இருக்கைப் பொருளே இன்று அறைகலன் கடையில் நிற்கிறது.

இந்தியாவில் வலுப்பெற்றது கணக்குப் பொருள். முகலாயர் ஆட்சியில் திவான் வருவாய்த் துறைத் தலைவர். 1765இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் பெற்ற 'திவானி' என்பது வரி வசூலிக்கும் உரிமை. மைசூர், திருவிதாங்கூர் அரசுகளில் முதன்மை அமைச்சரே திவான். ஆங்கிலேயர் அளித்த 'திவான் பகதூர்' பட்டம், கோவை ஆர்.எஸ்.புரத்தின் திவான் பகதூர் சாலையில் இன்னும் வாழ்கிறது. பேச்சில் அது டி.பி. ரோடாகச் சுருங்கிவிட்டதால் பலருக்குத் தெரிவதில்லை.

கவிதைத் தொகுப்புக்கும் இதே பெயர் உண்டு: பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் திவான். அதுவும் ஏடுதான்.