மூச்சுப் பாதையில் ‘டெட் ஸ்பேஸ்’ என்றால் என்ன?

உள்ளே போயும் ரத்தத்துக்கு ஆக்சிஜன் கொடுக்காமலே திரும்பிவிடும் காற்று நிற்கும் இடம்தான் டெட் ஸ்பேஸ். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய், அதன் பெரிய கிளைகள் எல்லாம் இதில் சேரும். இவற்றின் சுவர் தடிமன், ஆக்சிஜன் ஊடுருவாது. அந்த வேலை நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்கானது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வெயிலில், சாட்ஸ்வர்த் பகுதி வீட்டுத் தோட்டத்தில் ஹோஸ் பைப்பைத் திறந்தால் முதலில் பைப்பிலேயே கிடந்த சுடுதண்ணிதானே வரும்? அதேபோல் காற்றறைக்கு முதலில் போவது முந்தைய மூச்சின் பழைய காற்று. பெரியவர் ஒருவர் இழுக்கும் 500 மில்லியில் சுமார் 150 இப்படிக் கழிகிறது. அவசர அவசரமாக 250 மட்டும் இழுத்தால்? மிஞ்சுவது வெறும் 100! மேல்மூச்சு வாங்கினால் களைத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

‘டெட்’ என்றதும் நுரையீரலில் ஏதோ செத்துவிட்டதாகப் பயப்படாதீர்கள். காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டுவது இந்தப் பாதைதான்.