காலடி எங்கே, தம்பி?

கேள்வி: ராமேசுவரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கிறேன், வயது 22. அப்பாவோடு விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். வாரம் மூன்று நாள் கடல். ஆறு வருடம் சிலம்பம் படித்தேன். ஆசான் வேலைக்காக வளைகுடா போனதும் கூடம் நின்றுவிட்டது. எட்டு மாதமாக மொட்டைமாடியில் தனியாகக் கம்பு சுத்துகிறேன். தினமும் செய்யவேண்டும் என்றுதான் தொடங்குகிறேன், நாலு நாள் செய்தால் பத்து நாள் விட்டுப்போகிறது. செல்போனில் சிலம்பம் பார்த்தால் உற்சாகம் வருகிறது. கம்பைத் தொட்டதும் அந்த உற்சாகம் போய்விடுகிறது. வேலு நாச்சியார் பிறந்த சீமைக்காரனுக்கே உற்சாகம் வற்றலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் உற்சாகம் மூன்று முறை வருகிறது. காலடி, அதாவது கால் வைத்து நகரும் விதம், ஒரு முறைகூட வரவில்லை. ஆறு வருடம் படித்தவர் எட்டு மாதமாக என்ன பயிற்சி செய்கிறார் என்று தேடிப் பார்த்தேன். ‘கம்பு சுத்துகிறேன்’ என்பதற்கு மேல் எதுவும் இல்லை. வெறும் சுற்று கைக்குப் பழகியபின் சலித்துத்தான் போகும். அது உங்கள் சோம்பல் அல்ல. செய்யும் வேலையில் சரி தவறு என்று எதுவும் தெரியாதபோது மனம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

வீடு கட்டி ஆடுங்கள். நாலு திசையிலும் ஆள் வருவதாக வைத்து, காலடி மாற்றி, அடித்து, தடுத்து, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிற அந்த ‘வீடு’ பாடம் உங்களுக்குத் தெரியாததல்ல. எதிராளி இல்லாத நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. மாடியில் வேண்டாம், பக்கத்தில் மின்கம்பி போனால் ஆபத்து, தவிர சிமென்ட் தரையில் கால் வைத்த தடமும் நிற்காது. அலை ஒதுங்கிய ஈர மணலுக்குப் போங்கள். தொடங்கும்போது இரண்டு பாதத்தையும் அழுத்திப் பதியுங்கள். ஆடி முடித்து நிற்கும்போது குனிந்து பாருங்கள். அந்தத் தடத்தில்தான் நிற்கிறீர்களா, ஒரு சாண் தள்ளியா? குதிகால் ஆழமாக அழுந்தியிருக்கிறதா? உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. இன்று ஒரு சாண், அடுத்த வாரம் நாலு விரல்கடை. ஆசான் இல்லாத இடத்தில் மணல் பொய் சொல்லாமல் காட்டும். மண்டபத்துக்காரருக்கு இரண்டு கடல் இருக்கிறது: தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கம் நிற்க முடியாது, வடகடலுக்குப் போங்கள், வாடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ‘தினமும்’ என்ற கணக்கு. மூன்று நாள் கடலில் இருக்கிறவர் தினமும் என்று ஏன் சபதம் எடுக்க வேண்டும்? கரையில் இருக்கும் நாலு நாள் போதும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்து, ஒரு செயல் எப்போது பழக்கமாகிறது என்று பார்த்தார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது, நடுவாக 66. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கெடுதல் இல்லை. ‘காலைச் சாப்பாட்டுக்குப் பின்’ என்பதுபோல அன்றாடம் நடக்கும் ஒன்றோடு கட்டிவைத்துத்தான் அவர்கள் செய்தார்கள். நீங்கள் காலைத் தேநீரோடு கட்டுங்கள். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் படகு கரையில்தான். வலை பின்னும் வேலை இருக்கும், தெரியும். ஆனாலும் அரை மணி நேரம் கிடைக்கும்.

நாச்சியார் பெயரை இழுத்தீர்கள். 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து, திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் எட்டு வருடம் இருந்து, 1780-ல் சிவகங்கையை மீட்டவர். அந்த எட்டு வருடமும் ஒவ்வொரு காலையும் உற்சாகத்தோடுதான் விடிந்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அவர் பிறந்த மண் என்ற பெருமை எனக்கும் உண்டு. அந்தப் பெருமை உங்கள் கம்பை எடுத்துத் தராது.

உங்களுக்கு உண்மையில் குறைவது உற்சாகம் அல்ல, திருத்துகிற ஆள். ஆசான் கடல் கடந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். கையில் போன் இருக்கிறது. மற்றவர் ஆடுவதைப் பார்க்கும் நேரத்தில் நீங்கள் ஆடுவதைப் படம் பிடியுங்கள், கால் தெரியும்படி. கூடத்தில் உங்களோடு படித்தவர்கள் ஊரில்தானே இருப்பார்கள்? மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பேரையாவது கூப்பிட்டு நேருக்கு நேர் ஆடுங்கள். தனியாக ஆடியதில் எங்கே ஓட்டை என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். ஆசானுக்கு இன்று ராத்திரியே எழுதுங்கள்: “வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீடு ஆடி அனுப்புகிறேன், காலைப் பார்த்துச் சொல்லுங்கள் ஆசானே.”